ஐம்பது ஓட்டங்களும் ஒரு கிண்ணமும்: பதற்றத்தின் கணக்கை யார் பார்ப்பது?

2023 செப்டெம்பர் 17. கொழும்பு ஆர். பிரேமதாச மைதானத்தில் ஆசியக் கிண்ண இறுதியாட்டம். நாணயச் சுழற்சியில் வென்ற இலங்கை முதலில் துடுப்பெடுத்தாடியது. நான்காவது ஓவரில் மட்டும் மொஹமட் சிராஜ் நான்கு விக்கெட்டுகளைச் சாய்த்தார். 15.2 ஓவர்களில் 50 ஓட்டங்களுடன் எல்லாம் முடிந்தது. இந்தியாவுக்குத் தேவைப்பட்டது 6.1 ஓவர்கள்தான்.

அன்றிரவு ஓர் இணையத்தளத்துக்கு நான் எழுதிய செய்தியின் தலைப்பில் ‘வெட்கக்கேடு’ என்ற சொல் இருந்தது. நிறையப் பேர் பகிர்ந்தார்கள். ஒன்றரை மாதம் கழித்து, நவம்பர் 2ஆம் திகதி, மும்பையில் உலகக் கிண்ணப் போட்டியில் அதே இந்தியாவிடம் இலங்கை 55 ஓட்டங்களுக்குச் சுருண்டது. இன்னிங்ஸின் முதற்பந்திலேயே முதல் விக்கெட். அப்போதுதான் எனக்கு ஒரு கேள்வி எழுந்தது: இவர்களுக்கு ஆடத் தெரியாமலா போயிற்று?

ஆடத் தெரியும். ஆசியக் கிண்ண இறுதிவரை வந்தவர்கள் அவர்கள். சிராஜின் பந்து அன்று காற்றில் நன்றாக வளைந்தது என்பதும் உண்மை. ஆனால் அந்த ஓவரை மீண்டும் பாருங்கள். மூன்று விக்கெட்டுகள் விழுந்த பின் வந்த தனஞ்சய டி சில்வா ஐந்தாவது பந்தில் நான்கு ஓட்டங்கள் அடித்தார். ஆறாவது பந்தையும் அடிக்கப்போய் விக்கெட் காப்பாளரிடம் பிடிகொடுத்தார். விட்டுவிட்டிருக்கக்கூடிய பந்து. அவர் மனதில் என்ன ஓடியது என்று நான் சொல்ல முடியாது. ஆனால் இப்படியான தருணங்களைப் பற்றி உளவியல் நூறு வருடங்களுக்கு மேலாகப் பேசி வருகிறது.

1908இல் யேர்க்ஸ், டொட்சன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் எலிகளுக்கு மின்னதிர்ச்சி கொடுத்து, சரியான பெட்டியைத் தெரிவுசெய்யப் பழக்கினார்கள். வேலை இலகுவாக இருந்தபோது அதிர்ச்சி கூடக்கூட எலிகள் வேகமாகக் கற்றன. வேலை கடினமானபோது நடுத்தர அதிர்ச்சியே பலன் தந்தது. அதற்கு மேல் போனால் கற்றல் மந்தமானது. இதிலிருந்து வளர்ந்ததுதான் உளக்கிளர்ச்சிக்கும் செயற்றிறனுக்கும் இடையிலான ‘கவிழ்த்த யூ’ வளைகோடு. கிளர்ச்சியே இல்லாவிட்டால் சோம்பல். அளவுக்கு மிஞ்சினால் தடுமாற்றம்.

பாரம் தூக்குபவருக்கு இதயம் படபடப்பது உதவலாம். மணிக்கு 140 கிலோமீற்றர் வேகத்தில் வரும் பந்தை எதிர்கொள்பவருக்குக் கிடைப்பதோ அரை விநாடிக்கும் குறைவான நேரம். அதற்குள் விடுவதா, தடுப்பதா, அடிப்பதா என்று முடிவெடுக்க வேண்டும். பதற்றம் ஏறும்போது கவனம் குறுகுகிறது, தசை இறுகுகிறது. அதைவிட மோசமானது, ஆயிரம் தடவை பழகித் தானாகவே நடக்கும் அசைவை மூளை திடீரென்று கண்காணிக்கத் தொடங்குவது. படியிறங்கும்போது காலைப் பற்றி யோசித்தால் இடறுவோம் அல்லவா, அதுபோல.

எல்லோருக்கும் ஒரே அளவு பொருந்தாது. ஒருவர் கொதிநிலையில் நன்றாக ஆடுவார், இன்னொருவர் அமைதியில். ‘ஆவேசமாக ஆடுங்கள்’ என்று பதினொரு பேரிடமும் ஒரே மாதிரிச் சொல்வதில் பயனில்லை.

இனி மறுபக்கம். 2022 மகளிர் ஆசியக் கிண்ண இறுதியாட்டத்தில் இந்தியாவிடம் இலங்கை எடுத்தது 9 விக்கெட் இழப்புக்கு 65. இந்தக் கிண்ணத்தில் அவர்கள் இரண்டாமிடத்தோடு திரும்பியது அது ஐந்தாவது தடவை. ஐந்திலும் எதிரணி இந்தியாதான். 2024 ஜூலை 28, தம்புள்ளையில், சொந்த இரசிகர்கள் முன்னால் மீண்டும் அதே எதிரணி. இலக்கு 166. 7 ஓட்டங்களில் முதல் விக்கெட் ரன்அவுட்டில் போனது. வழக்கமான கதை ஆரம்பித்துவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் சமரி அத்தபத்து 61 ஓட்டங்கள் எடுத்தார். அவர் ஆட்டமிழந்த பின்னும் ஹர்ஷிதா சமரவிக்ரம அவசரப்படாமல் 69 ஓட்டங்களுடன் கடைசிவரை நின்றார். எட்டு விக்கெட்டுகளால் வெற்றி.

பதற்றம் அவர்களுக்கு இல்லாமலா இருந்திருக்கும்? ஐந்து தோல்விகளின் பாரம் இருந்தது. என் கணிப்பு இது: பதற்றத்தை ஒழித்தவர்கள் வெல்வதில்லை, அதோடு ஆடப் பழகியவர்கள் வெல்கிறார்கள். அந்தப் பழக்கம் தானாக வராது. வலைப்பயிற்சியைப் போல மூச்சுப் பயிற்சியும், ஒவ்வொரு பந்துக்கும் முன் செய்யும் சிறு ஒழுங்குமுறையும், தோல்வியைப் பற்றி வெளிப்படையாகப் பேசும் இடமும் வேண்டும்.

தேசிய அணிக்காவது அதற்கு வசதி உண்டு. எங்கள் பாடசாலைப் பிள்ளைகளுக்கு? சில வருடங்களுக்கு முன் வடக்கில் ஒரு பெரும் போட்டியைச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். பதினாறு வயதுப் பெடியன் ஒருவன் ஓட்டமெதுவும் பெறாமல் திரும்பினான். எல்லைக் கோட்டருகே நின்ற பழைய மாணவர் ஒருவர் அவன் காதில் விழும்படி ஏசினார். நான் கமெராவைத் தூக்கினேன். அவன் கையுறையால் முகத்தை மறைத்துக்கொண்டான். அந்தப் படத்தை நான் எங்கும் கொடுக்கவில்லை. ஆனால் எடுத்தேன் என்பது உண்மை.

அடுத்த போட்டியில் அவன் மைதானத்துக்குள் இறங்கும்போது பந்தை மட்டும் எதிர்கொள்ளப் போவதில்லை. அந்த ஏச்சையும் அந்தக் கமெராவையும் சேர்த்தே எதிர்கொள்வான். மாகாணக் கல்வித் திணைக்களங்கள் பயிற்றுநர்களுக்கு விளையாட்டு உளவியலின் அடிப்படையையாவது கற்பிக்கலாம். பெற்றோரும் பழைய மாணவரும் எல்லைக் கோட்டில் வாயைக் கட்டலாம். ஊடகக்காரரான நாங்கள், ‘வெட்கக்கேடு’ என்று தட்டச்சு செய்யும் முன் அதை வாசிக்கப்போகிறவர்களில் ஆடியவனும் ஒருவன் என்று நினைக்கலாம்.