மழையா கொன்றது?

2017 செப்டம்பர் 29. மும்பையில் பரேல், எல்பின்ஸ்டன் ரோடு ரயில் நிலையங்களை இணைத்த நடைபாலத்தில் நெரிசலில் சிக்கி 23 பேர் மாண்டனர். மழைக்கு ஜனங்கள் ஒதுங்கியதால் நேர்ந்த விபத்து என்றார்கள். மழையா கொன்றது?

பரேல், பஞ்சாலைத் தொழிலாளர் பேட்டை. 1982 வேலைநிறுத்தத்துக்குப் பின் ஆலைகள் ஒவ்வொன்றாய் மூடப்பட்டன. ஆலை நிலத்தில் அடுக்குமாடி ஆபீசுகள் எழும்பின. முதலாளிகள் லாபம் குவித்தனர். அங்கே வேலைக்கு வந்த ஆயிரமாயிரம் பேருக்கும் அதே குறுகிய பாலம்தான்!

விபத்துக்கு 15 நாள் முன்புதான் லட்சம் கோடி ரூபாய்க்கு மேல் விழுங்கும் புல்லட் ரயிலுக்கு அடிக்கல் நாட்டினார்கள். புதிய நடைபாலமோ காகிதத்தில் கிடந்தது. பிணங்கள் விழுந்த பிறகு ராணுவத்தை அழைத்தார்கள். 2018 பிப்ரவரியில் பாலம் தயார்! முன்பே ஏன் முடியவில்லை?

பழியோ நடைபாதை வியாபாரிகள் தலையில்! நிலையத்திலிருந்து 150 மீட்டருக்குள் கடை கூடாதென்று 2017 நவம்பரில் ஹைகோர்ட் உத்தரவிட்டது.

ஏழையை விரட்டினால் பாதை அகலாது. எந்த நகரமானாலும் ரயில் நிலைய வாசலில் முதல் உரிமை நடந்து வருவோருக்கே; அடுத்தது பஸ்ஸுக்கு; கார் கடைசியில் நிற்கட்டும். அகன்ற பாலமும் நடைபாதையும் வேண்டும். 2014 சட்டப்படி வியாபாரிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும். இது சலுகையல்ல, உழைப்பவரின் உரிமை. போராடிப் பெறுவோம்!