கிரீஸா, எண்ணெயா?

சென்ற வைகாசியில் உத்தமபாளையம் போயிருந்தோம். நம் சகோதரியின் வீட்டு முற்றத்தில், வேப்ப மரத்து நிழலில், ஸ்டாண்டர்டு ஹெரால்டு மோட்டார் ஒன்று முன் சக்கரங்கள் இரண்டையும் இழந்து மரக்கட்டைகளின் மேல் வீற்றிருந்தது. மைத்துனர் கைகளெல்லாம் கறுப்பாக எழுந்து வந்து, "வாருங்கள் மாப்பிள்ளை, நல்ல சமயத்தில் வந்தீர்கள்!" என்றார். எதற்கு நல்ல சமயம் என்பது சட்டையைக் கழற்றிய பிறகுதான் விளங்கிற்று.

இளைய நேயர்கள் ஹெரால்டை அறிந்திருக்க நியாயமில்லை. இங்கிலாந்தில் 1959-ல் வெளிவந்த வண்டி அது. உருவம் அமைத்தவர் மிக்கெலோட்டி என்ற இத்தாலியர். 1961 முதல் சென்னையிலிருந்த ஸ்டாண்டர்டு கம்பெனி அதை நம் நாட்டில் தயாரித்தது. நான்கு கதவுள்ள ஹெரால்டு நம் தேசத்துக்கே உரியது. பிறந்த நாட்டில் அப்படி ஒன்று கிடையாது. வண்டியின் முன்பகுதி முழுவதும் முன்னோக்கித் திறந்துகொள்ளும். ஆகவே சக்கரத்தைத் தாங்கும் உறுப்புக்களை நாற்காலி போட்டு உட்கார்ந்தபடியே கழற்றலாம். வீட்டில் வேலை செய்பவனுக்கு இதைவிட உபகாரம் வேறு வேண்டுமா?

மற்றொரு விசேஷம், அது 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். போடிமெட்டுச் சாலையின் 17 கொண்டையூசி வளைவுகளில் இதன் அருமை தெரியும். ஆனால் சக்கரம் அவ்வளவு தூரம் திரும்புவதற்குக் கீழே ஒரு சிறு உறுப்புத்தான் ஆதாரம். அதை ட்ரன்னியன் என்பார்கள். சக்கரத்தைத் தாங்கும் எஃகுத் தண்டின் அடிப்புறம் திருகாணி போல் வெட்டப்பட்டு, வெண்கலத்தாலான இந்த உறுப்புக்குள் இறங்கியிருக்கும். நாம் ஸ்டீரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டு அந்தத் திருகுக்குள் சுழலும். ஒரு பக்கத்துத் திருகு வலம்புரியானால் மறு பக்கத்தது இடம்புரி. இரண்டையும் மாற்றிப் பொருத்த இயலாது.

இந்த உறுப்பு கேட்பது கெட்டியான கியர் எண்ணெய், கிரீஸ் அன்று. கையேட்டில் அப்படித்தான் சொல்லியிருக்கிறது. ஆனால் கிரீஸ் துப்பாக்கியைக் கையில் பிடித்த மனிதர் கையேட்டைப் புரட்டுவாரா? பல வருஷங்களாக ஒரு பட்டறைக்காரர் நல்லெண்ணத்துடனேயே அதில் கிரீஸை அடைத்து வந்திருக்கிறார். கிரீஸ் காய்ந்து கட்டிதட்டிப் போகும்; திருகின் அடிவரை எட்டாது. ஆனி ஆடிச் சாரலின் ஈரம் உள்ளே புகுந்து தங்கிவிடும்.

மைத்துனர் திருகிக் கழற்றியபோது செங்காவி நிறத்தில் தண்ணீர் சொட்டிற்று. மண்ணெண்ணெயில் கழுவிப் பார்த்தோம். திருகு தொடங்கும் இடத்தில் எஃகை வெகு தூரம் துரு அரித்திருந்தது. இத்தகைய தண்டு முறிவது பெரும்பாலும் வேகமாய் ஓடும்போது அன்று. சக்கரத்தை முழுதும் திருப்பி மெள்ள ஊர்ந்து செல்கையிலேதான். அதாவது மலை வளைவில். சக்கரம் மடங்கி வெளியே சாய்ந்துவிடும்.

காப்பி கொண்டு வந்த சகோதரி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். "சித்திரையில் குழந்தைகளை ஏற்றிக்கொண்டு குமுளி போனது இதிலேதானா?" என்றாள். மைத்துனர் பதில் சொல்லவில்லை. காப்பி ஆறிப் போயிற்று.

தண்டைப் பற்றவைத்துத் தருவதாக ஒருவர் முன்வந்தார். வந்தனம் சொல்லி மறுத்துவிட்டோம். உயிரைத் தாங்கும் இரும்பில் சிக்கனம் கூடாது. சென்னையில் உருவான வண்டிக்கு வேண்டிய புது உறுப்புக்கள் இங்கிலாந்திலிருந்து வந்து சேர்ந்தன! அங்கே பழைய வண்டிகளைப் போற்றுவோருக்காக இன்றும் அவற்றைச் செய்கிறார்கள். நமக்குக் கொஞ்சம் வெட்கமாகவே இருந்தது.

ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாகவே கழன்று வந்தன. அவற்றைக் கயிற்றால் கட்டிப் பிரித்துவிடலாம் என்றார் மைத்துனர். அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டால் தாடையைப் பெயர்த்துவிடும் என்று தடுத்து, உரிய கருவியுள்ள தேனிப் பட்டறைக்கு எடுத்துச் சென்றோம். கீழ்க் கைகளுக்கும் சட்டத்துக்கும் நடுவே இருந்த தகடுகளை எண்ணி, பக்கவாரியாகக் காகிதத்தில் பொதிந்து வைத்திருந்தோம். சக்கரத்தின் சாய்வு அவற்றைப் பொறுத்தது. ட்ரன்னியனை முடிவு வரை திருகிவிட்டு, தண்டு இரு பக்கமும் தடையின்றித் திரும்புமாறு சற்றே பின்வாங்கி நிறுத்தினோம். ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளை மட்டும், வண்டியைச் சக்கரத்தின் மேல் இறக்கிய பிறகே இறுக்கினோம். அந்தரத்தில் இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு சீக்கிரம் கிழியும்.

ஆவணியில் எல்லோருமாகக் கம்பம், கூடலூர் வழியே புறப்பட்டோம். லோயர் காம்ப்பில், மலை ஏறுவதற்கு முன் வண்டி நின்றது. சகோதரி குனிந்து பார்த்து, "என்ன இது, சக்கரத்துக்குள்ளே எண்ணெய் கசிகிறதே?" என்றாள்.

"கசியட்டும்" என்றார் மைத்துனர். பின் பெட்டியைத் திறந்து எண்ணெய்க் குப்பி இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொண்டார்.