பிள்ளை பெற்றவளைக் கவனிப்பார் யார்?

பிள்ளை பிறந்தவுடன் வீட்டார் கேட்கும் முதற் கேள்வி ஆணா பெண்ணா என்பது, அடுத்தது எடை. பெற்றவள் எவ்வாறிருக்கின்றாள் என்பது மூன்றாவதாகவோ நான்காவதாகவோ வரும், சிலபோது வருவதேயில்லை. மசக்கை நாள்முதல் வளைகாப்பு ஈறாக அவளுக்கு நடந்த உபசாரமெல்லாம் ஒரு கணத்தில் தொட்டிலுக்கு மாறிவிடுகின்றது. இது பெரும் பிழையென்பது என் துணிபு.

நம் தேசத்தில் பிரசவத்தையொட்டி நேரும் மரணங்களுக்குத் தலையாய காரணம் உதிரப்பெருக்கு. அது பெரும்பாலும் பிள்ளை பிறந்த 24 மணி நேரத்துக்குள், அதிலும் முதற் சில மணிகளில் நிகழ்வது. நச்சுக்கொடி வெளிப்பட்டபின் கருப்பை சுருங்கிக் கெட்டிப்படுதல் வேண்டும். அது தளர்ந்து கிடப்பின், கொடி பற்றியிருந்த இடத்து இரத்தக் குழாய்கள் மூடிக்கொள்ளா. ஆதலின் முதல் 2 மணி நேரம் கால்மணிக்கொருமுறை நாடியையும் உதிரப்போக்கையும் நோக்கி, அடிவயிற்றைத் தொட்டுக் கருப்பையின் கெட்டியை அறிதல் முறை. இது தாதியின் கடமையே. ஆயினும், பலர் படுத்திருக்கும் அறையில், துணி அளவுகடந்து நனைவதைக் கண்டு உடனே கூவியழைக்கும் உறவினளுக்கு ஈடான காவல் வேறுண்டோ? அவளோ அவ்வேளையில் குழந்தையின் மூக்கு யாரை ஒத்ததென்று ஆராய்ந்துகொண்டிருப்பாள்!

தாயின் நலமும் சேயின் நலமும் இருவேறல்ல. குழந்தை பால் உறிஞ்சுதலாலேயே கருப்பை சுருங்குகின்றது. ஆகவே சேனை வைத்தலென்று சர்க்கரைத் தண்ணீரும் தேனும் கழுதைப்பாலும் நாவில் தடவிச் சீம்பாலைப் பீய்ச்சியெறிவோர், சேய்க்கு நோய்த்தடையை மறுப்பதோடு தாய்க்கும் தீங்கிழைக்கின்றனர். முதல் ஒரு மணி நேரத்துக்குள் பாலூட்டலும், துடைத்த சிசுவைத் தாயின் மார்பில் மெய்யோடு மெய் தீண்டக் கிடத்தலும், முதல் நாள் நீராட்டாதிருத்தலும் இருவர்க்கும் போதிய தொடக்கம்.

பாட்டிமார் செய்ததனைத்தும் மூடத்தனமென்று நகைப்பாரோடு நான் உடன்படேன். தீட்டு என்னும் பெயர் இழிவு. தாகித்தவளுக்குத் தண்ணீர் மறுத்தது கொடுமை. ஆயினும் அந்நியரை அறைக்குள் விடாமை நன்றே. இன்றோ ஊரார் அனைவரும் கழுவாத கையோடு வந்து சிசுவைத் தூக்கிப் படம்பிடிக்கின்றனர்.

திண்டிவனத்தில் ஓரிரவில் மூன்று கணவன்மார் வந்து, பிரசவ வேதனையிலிருந்த தத்தம் மனைவியர்க்கு உதவ ஐடா ஸ்கடர் அம்மையாரை அழைத்ததும், அவர் அப்போது வைத்தியம் கல்லாதவராதலின், ஆடவராகிய அவர் தந்தையாரை அவர்கள் ஏற்க மறுத்ததும், விடியுமுன் அம்மூவரும் மாண்டதும் நம்மிற் பலர் அறிந்ததே. அம்மையார் வைத்தியம் கற்று மீண்டு, 1918-இல் வேலூரில் பெண்களுக்கென வைத்தியப் பள்ளி நிறுவினார். பெண் வைத்தியர் இல்லாக் குறை பெரிதும் நீங்கிற்று. இது பெண்டிர் காரியமென்று கணவன்மார் ஒதுங்கி நிற்பது நீங்கவில்லை.

நம் கல்லூரியின் முதலுதவி வகுப்புகளில் பாம்புக்கடியும் எலும்பு முறிவும் பேசப்படும்போது, மாணவர் மாணவியர் இருபாலார்க்கும் ஒரு மணி நேரம் இதற்கும் ஒதுக்கலாகாதா? பாம்புக்கடி நம்மிற் சிலர்க்கே நேரும்; பிரசவம் வாராத வீடு ஏது?