குறையை வாடிக்கையாளர் தலையில் கட்டலாமா?



இணையத்தில் ஆர்டர் எடுக்கும் நம் உறுப்பினர்கள் பலருக்கு வரும் புகார் ஒன்று உண்டு. “400 பேட் ரிக்வெஸ்ட்” என்று போட்டுவிட்டுப் பக்கம் திறக்க மறுக்கிறது. கம்ப்யூட்டர் பார்ப்பவரைக் கூப்பிட்டால், “வாடிக்கையாளரைக் குக்கியை அழிக்கச் சொல்லுங்கள்” என்று போனை வைத்துவிடுகிறார். இது பதிலே அல்ல என்பது என் கருத்து.

நான் பள்ளிப் படிப்போடு மண்டிக்கு வந்தவன். கேட்டுத் தெரிந்துகொண்டதை நம் பாஷையில் சொல்கிறேன். லாரிச் சரக்கோடு சீட்டு வருவதுபோல், ஒவ்வொரு கோரிக்கையோடும் ஹெடர் என்ற குறிப்புகள் வருகின்றன. கிட்டங்கி வாசலில் உட்கார்ந்து சீட்டைப் பார்த்து உள்ளே விடும் ஆள்தான் ரிவர்ஸ் பிராக்சி. பலரும் வைத்திருக்கும் என்ஜின்எக்ஸ் 2004-ல் வெளிவந்த இலவச மென்பொருள். அதை அப்படியே நிறுவினால், ஒரு ஹெடர் வரி 8 கிலோபைட்டைத் தாண்டக்கூடாது. தாண்டினால் வாசலோடு திருப்பிவிடும். உள்ளே இருக்கும் சர்வருக்குச் சேதியே போகாது.

சீட்டு ஏன் நீளுகிறது? குக்கியால்தான். விளம்பரக்காரர், கணக்கெடுப்புக்காரர் என்று தளத்தில் நாம் சேர்த்த ஒவ்வொருவரும் ஒரு துண்டுச் சீட்டைச் செருகுகிறார்கள். அன்றாடம் வருகிறவரிடம் அது சேர்ந்துகொண்டே போகும். ஆக, புதிதாக எட்டிப் பார்ப்பவருக்குக் கதவு திறக்கிறது. இருபது வருடமாக நம்மிடம் கொள்முதல் செய்பவருக்கு மூடுகிறது! அவர் நம்மிடம் சண்டை போடமாட்டார். பேசாமல் அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

“லாக்கில் ஒன்றுமே இல்லையே” என்பார்கள். இருக்காதுதான். இந்த மறுப்பை என்ஜின்எக்ஸ் சாதாரணத் தகவல் என்ற கணக்கில் வைக்கிறது. பிழைப் பதிவேட்டின் அளவை “இன்ஃபோ” என்று மாற்றினால்தான் ஹெடர் வரி நீளம் என்ற குறிப்பு விழும். பிறகு அதே கோரிக்கையை வாசலைத் தவிர்த்து உள் சர்வருக்கு நேரே அனுப்பிப் பார்க்கச் சொல்லுங்கள். அங்கே தேறினால் குறை வாசலில். வாசலில் அளவைக் கூட்டியும் தீராவிட்டால் உள்ளே பார்க்க வேண்டும். டாம்கேட் சர்வருக்கும் வழக்கமான வரம்பு 8 கிலோபைட்தான். ஆனாலும் அளவைக் கூட்டிக்கொண்டே போவது தற்காலிக வைத்தியம். தேவையற்ற குக்கிகளைக் களைவதே முறை.

இன்னொரு கோளாறு சத்தமே இல்லாதது. ஹெடரின் பெயரில் அடிக்கோடு இருந்தால் என்ஜின்எக்ஸ் அந்த ஒரு வரியை மட்டும் கீழே போட்டுவிட்டு மற்றதை உள்ளே அனுப்பிவிடும். டீலர் எண் அப்படி ஒரு ஹெடரில் வந்தால் என்ன ஆகும்? மொத்த விலை வாங்க வேண்டியவருக்குச் சில்லறை விலை காட்டும். பிழை என்று திரையில் எதுவும் வராது. அடிக்கோட்டுக்குப் பதில் சிறுகோடு போட்டால் தீர்ந்தது. இதற்குப் புது சர்வர் வாங்கச் சொல்பவரை நம்பாதீர்கள்.

பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும்போது மூன்று விஷயம் எழுதி வாங்குங்கள்: 400 என்று திரும்பியவை எத்தனை என்று வாரந்தோறும் கணக்குத் தர வேண்டும், தளத்தில் புதிதாக எதைச் சேர்த்தாலும் குக்கியின் அளவைச் சொல்ல வேண்டும், பண்டிகை வியாபாரத்துக்குப் பத்து நாள் முன்பு, பழைய வாடிக்கையாளர் ஒருவரின் போனிலிருந்தே ஆர்டர் போட்டுக் காட்ட வேண்டும்.