பூனைக்குப் பத்தியம்

புனேயில் ஒரு மூன்றாவது மாடிக் குடியிருப்பு. மணல் தட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருக்கிறது 6 வயதுக் கடுவன் பூனை. முக்குகிறது, அடித்தொண்டையில் கத்துகிறது, இறங்கி வந்து பின்பக்கத்தை நக்குகிறது, மறுபடி ஏறுகிறது. மலச்சிக்கல் என்று நினைக்கிறார் வீட்டுக்காரர். பெரும்பாலோர் அப்படித்தான் நினைப்பார்கள். அவர் மனைவி மணலைக் கிளறிப் பார்க்கிறார். காலையிலிருந்து ஒரு ஈரக் கட்டிகூட இல்லை. பூனையின் உயிரைக் காப்பாற்றியது அந்தக் கிளறல்தான். சிறுநீர் அடைத்துக்கொண்ட கடுவனுக்குக் கெடு ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள். சிறுநீரகம் வேலையை நிறுத்தும், ரத்தத்தில் பொட்டாசியம் ஏறும், இதயம் நின்றுவிடும்.

அன்றிரவே மயக்க மருந்து, கதீட்டர், குளூக்கோஸ். மூன்று நாள் கழித்து வீடு திரும்பியது போகோபா. மராத்திக்காரர்கள் கடுவனைச் செல்லமும் மரியாதையும் கலந்து அப்படித்தான் கூப்பிடுவார்கள். கூடவே மருத்துவரின் சீட்டும் வந்தது: இனி வழக்கமான உணவு கிடையாது, சிறுநீர்க் கோளாறுக்கான பத்திய உணவு மட்டுமே. வாங்கி வந்த பையைப் பிரித்துத் தட்டில் கொட்டினார்கள். போகோபா முகர்ந்து பார்த்தது. பிறகு முன்காலால் தட்டைச் சுற்றித் தரையைப் பறண்டியது. மணல் தட்டில் தன் கழிவை மூடும்போது செய்வதை அப்படியே செய்தது. இதைவிடத் தெளிவாக ஒரு பூனை கருத்துச் சொல்ல முடியாது.

விலங்குக்குப் பத்தியம் என்ற எண்ணத்துக்கு வயது 80-க்கு மேல். நியூ ஜெர்ஸியில் மார்க் மோரிஸ் என்ற கால்நடை மருத்துவரிடம், பார்வையற்றவரான மோரிஸ் ஃபிராங்க் தன் வழிகாட்டி நாய் 'படி'யை அழைத்து வந்தார். நாய்க்குச் சிறுநீரகம் பழுது. மருந்தைவிடச் சாப்பாட்டை மாற்றினால் பலன் இருக்கும் என்று நினைத்த மோரிஸ் தன் வீட்டுச் சமையலறையிலேயே உணவு தயாரித்துக் கொடுத்தார். 1948-இல் கான்சாஸ் மாநிலத்தின் டொபீகாவில் இருந்த ஹில் பேக்கிங் கம்பெனி அதைத் தொழிற்சாலைச் சரக்காக்கியது. இன்றைய ஹில்ஸ் நிறுவனம் அதுதான். பின்னால் ராயல் கேனின், பியூரினா, ஃபர்மினா எல்லாம் அதே வழியில் வந்தன. ஆளுக்கொரு எழுத்துக் குறியீடு வேறு: சி/டி, எஸ்/ஓ, யு.ஆர். வாங்குபவருக்குத் தலை சுற்றும்.

எந்தப் பை என்று கேட்பதற்கு முன் எந்தக் கல் என்று கேட்க வேண்டும். பூனையின் சிறுநீர்ப்பையில் முக்கியமாக உருவாவது இரண்டு வகை. ஸ்ட்ரூவைட் என்பது மக்னீசியம், அம்மோனியம், பாஸ்பேட் சேர்ந்தது. சிறுநீரின் காரத்தன்மை கூடினால் உருவாகும், போதுமான அமிலத்தன்மை வந்தால் கரைந்துவிடும். சரியான உணவு கொடுத்தால் சில வாரங்களில் கல்லே காணாமல் போகும். கத்தியே தேவையில்லை. மற்றது கால்சியம் ஆக்சலேட். அது எந்த உணவுக்கும் கரையாது. எடுத்துத்தான் ஆக வேண்டும். அதற்குப் பிறகு பத்தியம், மறுபடி வராமல் இருக்க மட்டும்.

இதில் ஒரு பழைய கதை உண்டு. உணவிலுள்ள சாம்பல்சத்துதான் கல்லுக்குக் காரணம் என்று முதலில் நம்பினார்கள். பிறகு பழி மக்னீசியத்தின் மேல் விழுந்தது. 1980-களில் மக்னீசியத்தைக் குறைத்து, சிறுநீரை அமிலமாக்கும் உணவுகள் பரவின. ஸ்ட்ரூவைட் குறைந்தது. ஆனால் கால்சியம் ஆக்சலேட் ஏறத் தொடங்கியது. 1981-இல் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் தொடங்கப்பட்ட கல் ஆய்வு மையத்துக்கு வந்த பூனைக் கற்களில், 1990-களின் நடுவில் ஆக்சலேட் முந்திக்கொண்டது. பூனைகளின் வயது, வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கும் வாழ்க்கை என்று வேறு காரணங்களும் இருக்கலாம். ஆனாலும் ஒன்றுக்கு மருந்தானது மற்றதற்கு உரமாயிற்றோ என்ற சந்தேகம் வலுத்தது. இன்றைய பத்திய உணவுகள் இரண்டையும் ஒருசேர மட்டுப்படுத்தும் விதத்தில் தயாரிக்கப்படுவதற்குக் காரணம் இந்தச் சூடுதான். பத்திய உணவோடு, பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்று அமிலமாக்கும் மாத்திரையையும் சேர்த்துக் கொடுப்பவர்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

கல்லே இல்லாமலும் வரும். சிறுநீர் கழிக்கச் சிரமப்படும் பூனைகளில் பாதிக்கு மேற்பட்டவற்றுக்குக் குறிப்பான காரணம் எதுவும் அகப்படுவதில்லை. சிறுநீர்ப்பை வீங்கியிருக்கும், ரத்தம் வரும், ஆனால் கல்லும் இல்லை, கிருமியும் இல்லை. மன உளைச்சலுக்கு இதில் பெரிய பங்கு என்று ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் டோனி பஃபிங்டன் பல ஆண்டு ஆராய்ந்து காட்டினார். புதிய விருந்தாளி, வீட்டு மராமத்து, இன்னொரு பூனை, எதுவும் போதும். போகோபா அடைத்துக்கொண்டது கணபதி விழா முடிந்த மறுநாள். ஜன்னலுக்குக் கீழே பத்து நாள் டோலும் தாஷாவும் முழங்கியிருந்தன. அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. அதன் சிறுநீரில் ஸ்ட்ரூவைட் படிகங்களும் இருந்தன. கருத்தடை ஆன கடுவன், வெளியே போகாதது, எடை கூடுதல் என்று மற்ற லட்சணங்களும் பொருந்தின. கடுவனின் சிறுநீர்க் குழாய் நுனியில் மிகக் குறுகலானது. மணல்போன்ற படிகமும் கொஞ்சம் சளியும் சேர்ந்தால் தக்கை தயார்.

இது எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது தண்ணீர். வீட்டுப் பூனையின் மூதாதை பாலைவனக் காட்டுப் பூனை. தாகம் குறைவு, சிறுநீர் கெட்டி. காட்டுப் பூனைக்குத் தேவையான தண்ணீரில் பெரும்பகுதி எலியின் உடலிலிருந்தே வந்துவிடும். கடையில் விற்கும் உலர்ந்த உருண்டையில் தண்ணீர் சுமார் 10 சதவீதம். டப்பாவிலும் பாக்கெட்டிலும் வரும் ஈர உணவில் முக்கால் பங்கு. உருண்டை மட்டும் தின்னும் பூனை அந்த வித்தியாசம் முழுவதையும் குடித்து ஈடுகட்டுவதில்லை. இதனால் சில நிறுவனங்கள் பத்திய உணவில் உப்பைக் கூட்டி, பூனையைக் குடிக்க வைக்கின்றன. ராயல் கேனினின் எஸ்/ஓ அந்த ரகம். ஹில்ஸ் அந்த வழியில் போகவில்லை. சிறுநீரகமோ இதயமோ ஏற்கெனவே பழுதான பூனைக்கு உப்பு கூடிய உணவு ஏற்றதா என்று மருத்துவரிடம் கேட்காமல் கொடுக்கக் கூடாது.

கேட்காமல் கொடுப்பது இந்தியாவில் மிக எளிது. சீட்டு என்ற சொல்லுக்கு இங்கே கனம் குறைவு. இணையக் கடையில் பணம் கட்டினால் பை வீட்டுக்கு வருகிறது. அமெரிக்காவில் நிலைமை வேறு விதமாக விநோதமானது. அங்கே சீட்டு இல்லாமல் விற்க மறுக்கிறார்கள். ஆனால் பைக்குள் மருந்து எதுவும் இல்லை. சட்டப்படி தேவைப்படாத சீட்டைக் காட்டி விலையை ஏற்றுகிறார்கள் என்று 2016-இல் கலிபோர்னியாவில் வாடிக்கையாளர்கள் வழக்குப் போட்டார்கள். கீழ் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2020-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வழக்குக்கு மறுபடி உயிர் கொடுத்தது. வாடிக்கையாளர்களின் எரிச்சல் நியாயமானது. அதே நேரம் இந்த உணவுகள் கல்லைக் கரைப்பதும் உண்மை. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது.

புனே வீட்டில் இன்னொரு சங்கடம். அங்கே சமையலறையில் முட்டைகூட ஏறாது. இத்தனை நாளும் போகோபாவுக்குக் கடை உருண்டையும், பாலில் ஊறிய சப்பாத்தியும். கோழி, பன்றி, மீன் என்று அச்சடித்த டப்பாவைத் திறப்பதே அந்த அம்மாளுக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனால் பூனைக்குச் சைவத்தில் சமாதானம் இல்லை. டாரின் என்ற சத்து குறைந்தால் பூனையின் இதயம் தளர்ந்துவிடும் என்பது 1987-இல் கலிபோர்னியாவின் டேவிஸ் பல்கலைக்கழக ஆய்வில் தெரிந்தது. டாரின் இருப்பது மாமிசத்தில். தானிய உணவோ சிறுநீரைக் காரமாக்கும் தன்மையது, ஸ்ட்ரூவைட் விரும்புவதும் அதையே. பால்கனியில் தனிக் கரண்டி, தனித் தட்டு என்று ஏற்பாடாயிற்று. சப்பாத்தி நின்றது.

சரி, பூனை தின்ன வேண்டுமே. பசித்தால் தானாகத் தின்னும் என்றார் வீட்டுக்காரரின் அண்ணன், அவர் நாய் வளர்ப்பவர். நாய்க்கு அது பெரும்பாலும் செல்லும். பூனைக்கு ஆபத்து. இரண்டு மூன்று நாள் வயிறு காய்ந்தால், அதுவும் பருத்த பூனைக்கு, உடம்பிலுள்ள கொழுப்பு கல்லீரலில் போய்க் குவிந்து மஞ்சள் காமாலையில் கொண்டுவிடும். கல்லைக் கரைக்கப் போய்க் கல்லீரலைக் கெடுத்த கதையாகிவிடும். ஒரு நாள் முழுக்க வாய் வைக்காவிட்டால் மருத்துவருக்குச் சொல்லியாக வேண்டும்.

பூனையின் பிடிவாதம் திமிர் அல்ல. குட்டிப் பருவத்தில் பழகிய வடிவமும் வாசனையும்தான் அதற்கு உணவு. நாக்குக்கு இனிப்பே தெரியாது. அதற்கான மரபணு செயலிழந்து கிடக்கிறது என்று 2005-இல் பிலடெல்பியாவின் மோனெல் மையம் கண்டறிந்தது. சூரை மீனின் ருசிக்குப் பூனை ஏன் மயங்குகிறது என்பதை, நாக்கின் ருசி உணர்விகளைக் கொண்டு 2023-இல் பிரிட்டனின் வால்தம் ஆய்வு நிலையம் விளக்கியது. எதையும் முதலில் மூக்கு அனுமதிக்க வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்த உணவுக்கு மணமே இல்லை. கைச்சூட்டளவுக்கு வெதுவெதுப்பாக்கினால் எழும்பும். இன்னொன்று, வலியும் கதீட்டருமாகக் கிடக்கும்போது புது உணவைத் திணித்தால், அந்த வாசனையையே துன்பத்தோடு முடிச்சுப் போட்டுவிடும் பூனை. வீட்டுக்கு வந்து தெளிந்த பிறகு, பழைய உணவோடு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து, ஒரு வாரமோ அதற்கு மேலோ எடுத்துக்கொண்டு மாற்றுவதே முறை. இதைப் பல மருத்துவமனைகளில் யாரும் நின்று சொல்வதில்லை. பையை மட்டும் கையில் கொடுத்து அனுப்புகிறார்கள்.

முதல் பையைப் பறண்டித் தள்ளிய போகோபா, இரண்டாவதாக வந்த பாக்கெட்டில் குழம்பை நக்கிவிட்டுத் துண்டுகளை வைத்துவிட்டது. மூன்றாவது வேறு நிறுவனத்தின் டப்பா, மசித்த களிபோல இருப்பது. வெந்நீர் ஒரு கரண்டி விட்டுக் குழைத்து வைத்தார்கள். பழைய உருண்டை நாலைந்தை மேலே பதித்தார்கள். உருண்டையைப் பொறுக்கும் சாக்கில் களியும் வாய்க்குள் போயிற்று. மருத்துவர் முதலில் எழுதியது இதுவல்ல. ஃபோனில் கேட்டபோது, இதுவும் ஸ்ட்ரூவைட்டுக்கான உணவுதான், தின்பதையே கொடுங்கள், மூன்று வாரத்தில் சிறுநீரைக் கொண்டுவாருங்கள் என்றார். நல்ல மருத்துவர். ஊருக்குப் பெரிய பெயருள்ள உணவு தட்டில் காய்ந்து கிடப்பதைவிட, இரண்டாம் பட்சமானது வயிற்றுக்குள் போவது மேல் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

சில்லறைத் தொந்தரவுகள் தொடர்ந்தன. கீழ் வீட்டுப் பாட்டி பரிதாபப்பட்டு ஊற்றிய பால், காவலாளி போட்ட கருவாட்டுத் தலை. பத்தியம் என்றால் பத்தியம் மட்டும்தான், பக்கவாட்டில் வேறெதுவும் போனால் சிறுநீரின் கணக்கு மாறிவிடும். பாட்டியிடம் சொல்வது மருத்துவரிடம் பேசுவதைவிடக் கடினமாக இருந்தது. தண்ணீர்க் கிண்ணம் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தள்ளி ஜன்னலோரம் போயிற்று. அகலமான வாய், தினமும் புதுத் தண்ணீர்.

மூன்றாம் வாரப் பரிசோதனையில் படிகம் இல்லை. மறுபடி அடைக்காது என்று யாரும் எழுதித் தரவில்லை. திரும்பத் திரும்ப அடைத்தால் குழாயை அகலமாக்கும் அறுவை ஒன்று இருக்கிறது, அந்தப் பேச்சு இப்போதைக்கு இல்லை. காலையில் எழுந்ததும் அந்த அம்மாள் மணலைக் கிளறுகிறார். ஈரக் கட்டிகளை எண்ணிச் சுவரில் தொங்கும் காலநிர்ணய் காலண்டரில், ஏகாதசிக்கும் பால்காரர் கணக்குக்கும் நடுவே, எண்ணை மட்டும் எழுதி வைக்கிறார். நேற்று 3.