வீட்டுக்குள்ளே ஒரு கடல் - 4: முருகைத் தொட்டிக்கு எந்த விளக்கு?

சென்ற இதழில் உப்புநீர் கலக்கும் முறையைப் பற்றி எழுதியிருந்தோம். அதன் பின்னர் வந்த தொலைபேசி அழைப்புகளில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். "தொட்டி வாங்கியாச்சு, கல்லும் போட்டாச்சு, லைற் எது வாங்கிறது?" ஒரு வாசகர் கடையில் 600 யூரோ விலை சொன்ன விளக்கை வாங்குவதா, இணையத்தில் 80 யூரோவுக்குக் கிடைப்பதை வாங்குவதா என்று கேட்டார். தொட்டிக்குள் என்ன வைக்கப் போகிறீர்கள் என்று நாம் திருப்பிக் கேட்டோம். "நீமோ மீன் இரண்டு. மகள் கேட்டவள்" என்றார். அப்படியானால் 600 யூரோவும் வேண்டாம், 80 யூரோவும் வேண்டாம். தொட்டியோடு வந்த சின்ன விளக்கே போதும். அந்த மீன் முருகை இல்லாமலும் நன்றாகச் சீவிக்கும்.

மீன்தொட்டியில் விளக்குப் போடுவது நாங்கள் மீனைப் பார்ப்பதற்காக. முருகைத் தொட்டியில் விளக்கு என்பது அந்த உயிரினத்தின் சாப்பாடு. இந்த வேறுபாடு விளங்காமல் கடைக்குப் போனால் காசு வீணாகும்.

தாயகத்தில் நாம் அறிந்த முருகைக்கல் செத்த கல். நெடுந்தீவில் வேலியாக அடுக்கியிருப்பதும், சுண்ணாம்புக்காகச் சூளையில் சுட்டதும் அதைத்தான். உயிரோடு இருக்கும்போது அந்தக் கல்லின் மேல் சின்னஞ்சிறு உயிரினங்கள் தோல்போலப் படர்ந்திருக்கின்றன. அவற்றின் உடலுக்குள் கண்ணுக்குத் தெரியாத அல்கா குடியிருக்கிறது. சூசாந்தலே என்று அதற்குப் பெயர். அது வெளிச்சத்தைக் கொண்டு ஒளித்தொகுப்புச் செய்து சீனி தயாரிக்கிறது. அதில் பெரும் பங்கை வீட்டுக்காரரான முருகைக்கு வாடகையாகக் கொடுத்துவிடுகிறது. ஆழம் குறைந்த கடலில் வாழும் பல முருகைகள் தமக்குத் தேவையான சக்தியில் பத்தில் ஒன்பது பங்கு வரை இப்படித்தான் பெறுகின்றன. எல்லாம் அப்படியல்ல. கடையில் 'சன் கோரல்' என்று விற்கும் மஞ்சள் முருகைக்குள் இந்த அல்காவே கிடையாது. பெயரில் மட்டும்தான் சூரியன். அதற்கு விளக்குத் தேவையில்லை, ஆனால் கையால் தீத்த வேண்டும்.

வெயில் உள்ள நாட்டில் இந்தக் கவலையே இல்லை. 1961இல் ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் என்பவர் வீட்டுத் தொட்டியில் முருகை வளர்க்கும் தமது முறையை எழுதி வெளியிட்டார். கடலிலிருந்து எடுத்த உயிருள்ள கல், காற்றுக் குமிழி, வெயில், இவ்வளவுதான் அவருடைய சாமான்கள். ஐரோப்பாவில் அந்த வெயிலைக் கூரையிலிருந்து தொங்கவிட வேண்டியிருந்தது. பேர்ளினில் டீட்றிச் ஸ்ரூபர் போன்றவர்கள் எச்.கியூ.ஐ. எனப்படும் பெரிய விளக்குகளைப் போட்டுக் கல்முருகைகளை வளர்த்தார்கள். வளர்ந்ததை ஒடித்து ஒருவருக்கொருவர் கொடுத்தார்கள். இன்று ஜேர்மனியில் பல வீடுகளில் உள்ள முருகை அப்படிக் கைமாறி வந்ததுதான்.

எமது வீட்டுக்கு வந்ததும் அப்படியே. மேல்மாடியில் தனியாக இருந்த முதியவரைப் பிள்ளைகள் 'ஓப்பா' என்றே கூப்பிடுவார்கள். முதியோர் இல்லத்துக்குப் போகும்போது அவர் தமது தொட்டியைக் கலைத்து, பதினான்கு வருடம் வளர்த்த சுத்தியல் முருகையை எம்மிடம் தந்தார். ஒன்பது தலை இருந்தது. அவருடைய தொட்டியில் அது பழைய ரியூப்லைற் இரண்டின் கீழே, அடி மணலில் இருந்தது. நாம் புதிதாக எல்.ஈ.டி. விளக்கு வாங்கினோம். வருகிறவர்கள் பார்க்கட்டும் என்று முருகையைக் கல்லின் உச்சியில் வைத்து, விளக்கின் எல்லா நிறத்தையும் நூறு வீதத்தில் விட்டோம்.

முதல் நாள் அழகோ அழகு. மூன்றாம் நாள் தலைகள் சுருங்கின. வெளிச்சம் காணாது போலும் என்று நினைத்து நாம் இரண்டு மணித்தியாலம் கூட்டினோம்! பத்தாம் நாள் முருகை வெள்ளையாகிவிட்டது. "வெள்ளை நிறத்திலும் வடிவாய்த்தான் இருக்கு" என்று வந்த ஒருவர் சொன்னார். அது நிறமல்ல, உள்ளே இருந்த எலும்பு. அல்கா வெளியேறிவிட்டதால் கண்ணாடி போன்ற தசையினூடாக எலும்பு தெரிந்தது. பக்கத்து ஊர் மீன்தொட்டிச் சங்கத்திலிருந்து ஒருவர் அளக்கும் கருவியோடு வந்தார். கல்லின் உச்சியில் 420 காட்டியது. அந்த முருகைக்கு 100க்குக் கிட்டப் போதும் என்றார். ஏழு தலை செத்தது. இரண்டு தப்பியது.

ஓப்பாவைப் பார்க்கப் போகும்போதெல்லாம் பிள்ளைகளின் கைத்தொலைபேசியில் படம் காட்டச் சொல்லுவார். இரண்டு முறை பழைய படத்தைக் காட்டிச் சமாளித்தோம். மூன்றாம் முறை முடியவில்லை. படத்தைப் பார்த்தவர், "வெளிச்சம் கூடிப்போச்சோ?" என்றுதான் கேட்டார். எச்.கியூ.ஐ. விளக்குக்கு மாறிய காலத்தில் அவருக்கும் இதே நடந்ததாம்.

வெளிச்சம் அளவு கடந்தால் அல்காவுக்குள் ஒளித்தொகுப்புத் தடுமாறி, நச்சுத்தன்மையுள்ள ஒட்சிசன் சேர்மங்கள் உண்டாகின்றன. முருகை தன்னைக் காப்பாற்ற அல்காவை வெளியே தள்ளுகிறது. பிறகு அதற்குச் சாப்பாடு இல்லை. தண்ணீர் சூடானால் வழமையான வெளிச்சமே அளவு கடந்ததாகிவிடும். 1998இல் கடல் சூடேறியபோது ஹிக்கடுவை முருகைப் பாறை வெளுத்து அழிந்தது இதனால்தான். வெளிச்சம் குறைந்தால் நடப்பது வேறு. முருகை உள்ளே அல்காவைக் கூட்டிக்கொண்டு மண்ணிறமாகும். தண்ணீரில் ஊட்டம் கூடினாலும் மண்ணிறம் வரும் என்பதால் அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். மண்ணிறமான முருகையைத் திருத்த மாதக்கணக்கில் நேரம் இருக்கிறது. வெளுத்ததற்குச் சில நாட்கள்தான்.

ஆகவே முதலில் முருகையைத் தீர்மானியுங்கள், விளக்கைப் பிறகு. பெட்டியில் எழுதியிருக்கும் வொற் கணக்கு மின்கட்டணத்துக்கு உதவும், முருகைக்கு உதவாது. ஒரு லீற்றருக்கு இத்தனை வொற் என்ற கணக்கு ரியூப்லைற் காலத்தது. கெல்வின் எண் நிறத்தைச் சொல்லும், பலத்தைச் சொல்லாது. 6,500 என்றால் பகல் வெளிச்சம், 14,000, 20,000 என்றால் நீலம். கேட்க வேண்டியது 'பார்' என்ற அளவு. ஒளித்தொகுப்புக்குப் பயன்படும் 400 முதல் 700 நனோமீற்றர் வரையான வெளிச்சம், ஒரு சதுர மீற்றரில் ஒரு செக்கனுக்கு எத்தனை மைக்ரோமோல் விழுகிறது என்பதே அது. நடுப்பகல் வெயில் ஏறக்குறைய 2,000. மென்முருகைக்கும் காளான் முருகைக்கும் 50 முதல் 150. எம்முடைய சுத்தியல் போன்ற பெரிய வாய் முருகைக்கும் அவ்வளவே. மான்கொம்பு போன்ற சிறுவாய்க் கல்முருகைக்கு 200 முதல் 350. புதிதாகத் தொடங்குபவர்கள் மான்கொம்பின் பக்கம் போகவேண்டாம் என்பது எமது கருத்து. விளக்குக் காசு அங்கேதான் இரட்டிக்கிறது.

கருவி விலை கூடியது. வாங்கவேண்டியதில்லை. சங்கங்களும் சில கடைகளும் இரவல் தரும். கைத்தொலைபேசியால் அளக்கும் வசதி நீல வெளிச்சத்தில் பிழையாகவே காட்டும்.

கடையில் இன்னொன்றைக் கவனியுங்கள். முருகைத் தொட்டிகளைக் கடும் நீல வெளிச்சத்தில் வைத்திருப்பார்கள். முருகையின் பச்சையும் செம்மஞ்சளும் அந்த நீலத்தில் தணல்போல ஒளிரும். நீலம் முருகைக்கு நல்லதுதான். செவ்வொளியைத் தண்ணீர் முதல் சில மீற்றரிலேயே விழுங்கிவிடுவதால் ஆழத்து முருகைகள் நீலத்துக்குப் பழகியவை. ஆனால் வெள்ளை விளக்கைப் போட்டுக் காட்டச் சொல்லிப் பார்த்த பின்பே காசைக் கொடுங்கள்.

விளக்கில் எதற்குக் காசு கொடுக்கலாம்? வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி கட்டாயம் வேண்டும். 80 யூரோ விளக்கில் அது இருந்தால், ஐரோப்பியப் பாதுகாப்பு முத்திரையும் இருந்தால், அதிலும் முருகை வளரும். விசிறிச் சத்தத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். கைத்தொலைபேசியால் இயக்குவது, இடி மின்னல் காட்டுவது எல்லாம் விளையாட்டு. மிஞ்சிய காசை இரண்டாவது விளக்குக்கு வையுங்கள். 60 சென்ரிமீற்றர் தொட்டிக்கு ஒன்று போதும். 120 சென்ரிமீற்றருக்கு ஒன்றை நடுவில் தொங்கவிட்டால் நடுவில் உள்ளது வெளுக்கும், ஓரத்தில் உள்ளது மண்ணிறமாகும்.

பழைய ரியூப் பெட்டிகள் மலிவாக விற்பனைக்கு வருகின்றன. அவை வெளிச்சத்தைச் சீராகப் பரப்பும், குறையில்லை. ஆனால் ரியூப்பை ஏறக்குறைய வருடத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும். பொது வெளிச்சத்துக்கான ரி5, ரி8 ரியூப்களைப் புதிதாகச் சந்தைக்கு விடுவதை ஐரோப்பிய ஒன்றியம் 2023 ஓகஸ்ற்றில் நிறுத்திவிட்டது. முருகைக்கான நிறத்தில் ரியூப் எங்கே கிடைக்கும் என்று விசாரித்த பிறகு பெட்டியை வாங்குங்கள். எச்.கியூ.ஐ. பற்றி ஒரு கணக்கு மட்டும்: 250 வொற் விளக்கு இரண்டு, நாளுக்கு 9 மணித்தியாலம், 30 நாளுக்கு 135 அலகு. ஓர் அலகு 35 சதம் என்று வைத்தால் 47 யூரோவுக்கு மேல். சோக் இழுப்பது வேறு. 100 வொற் எல்.ஈ.டி. அதே நேரத்துக்கு 27 அலகு, ஒன்பதரை யூரோவுக்குள் முடியும்.

புதிய விளக்கை முப்பது வீதத்தில் தொடங்குங்கள். கிழமைக்கு ஐந்து, கூடினால் பத்து வீதம் கூட்டுங்கள். புதிய முருகையை அடியில் வைத்து, கிழமைகள் செல்லச் செல்ல மேலே ஏற்றுங்கள். நாளுக்கு எட்டு, ஒன்பது மணித்தியாலம் போதும். நேரத்தை ஆளிக்கடிகாரத்திடம் விட்டுவிடுங்கள். வேலையால் பிந்தி வந்து, ஆசைக்கு இரவு பன்னிரண்டு வரை எரியவிடும் பழக்கம் எம்மவரிடம் இருக்கிறது.

உப்புநீருக்கு மேலே மின்சாரம் தொங்குகிறது என்பதை மறக்கவேண்டாம். விளக்கின் வயர் சொக்கற்றுக்குப் போகுமுன் ஒருமுறை கீழே வளைந்து போகட்டும். வயர் வழியே வழியும் தண்ணீர் அந்த வளைவில் சொட்டிவிடும். மல்ரி பிளக்கைத் தொட்டியின் கீழே வைக்காமல் சுவரில் உயர்த்திப் பூட்டுங்கள். அந்த இணைப்புக்கு 30 மில்லியம்பியர் ரிப் சுவிற்ச் இருக்கிறதா என்று பாருங்கள். பழைய வீடுகளில் இல்லாமலிருக்கலாம். மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு போடுவியுங்கள்.

தொட்டிக்குக் கண்ணாடி மூடி போடலாமா என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். போடலாம். உப்புப் படிந்தால் வெளிச்சம் குறையும், கிழமைக்கு ஒருமுறை துடைக்கவேண்டும். பல மாதம் துடைக்காமல் விட்டு ஒரேநாளில் பளபளப்பாக்கினால் அதுவும் புது விளக்குப் போட்டதுபோலத்தான், அன்று விளக்கைக் கொஞ்சம் குறைத்துவிடுங்கள். எமது சுத்தியல் முருகையில் இப்போது ஐந்து தலை. அடுத்த இதழில் தொட்டிக்குள் நீரோட்டம் பற்றி எழுதுவோம்.