பாட்டரி ஸ்விட்ச் பூட்டாகுமா?

கோடை விடுமுறைக்கு ஊர் புறப்படும் மும்பைத் தமிழர்களில் தவணையில் பழைய கார் வாங்கியவர்களும் உண்டு. செம்பூரிலோ சயான் கோலிவாடாவிலோ தெருவோரம் வண்டியை நிறுத்திவிட்டு நாகர்கோவில் எக்ஸ்பிரஸில் ஏறிவிடுகிறார்கள். ஒரு மாதம் கழித்துத் திரும்பினால் வண்டி கிளம்புவதில்லை. நிறுத்திய இடத்திலேயே நிற்கிறதே, அது பாக்கியம்!

இவ்விரு கவலைகளுக்கும் ஒரே மருந்தாகச் சொல்லப்படுவது பாட்டரி கட்-ஆஃப் ஸ்விட்ச். மைனஸ் முனையில் மாட்டிய இதன் குமிழைத் திருகினால் வண்டிக்கு மின்சாரமே இல்லை. முதல் கவலைக்கு இது நல்ல மருந்துதான். கார் சும்மா நிற்கும்போதும் இம்மொபிலைசர், அலாரம், கடிகாரம் எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரம் குடிக்கின்றன. 50 மில்லி ஆம்பியர் என்று வைத்துக்கொண்டால், சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பாட்டரி 29 நாளில் காலி. பழைய பாட்டரியாயின் அதில் பாதி நாள் போதும். மின்னழுத்தம் தாழ்ந்தால் இம்மொபிலைசர் சில சமயம் சாவியையே அடையாளம் காணாது. பாட்டரியின் நோவு தெரியாமல் சாவியை மாற்றிப் பணத்தைத் தொலைப்பவர்களும் உண்டு.

ஸ்விட்சை அணைத்தால் சாவியின் ரகசிய எண் அழிந்துவிடும் என்ற பயம் வீண். மின்சாரம் போனாலும் அழியாத நினைவகத்தில்தான் அது இருக்கிறது. கடிகாரமும் ரேடியோவும் மறக்கலாம். ஆனால் ரிமோட் வேலை செய்யாது என்பதால், கதவின் சாவித் துவாரம் துருப்பிடிக்காமல் திரும்புகிறதா என்று முன்பே பார்த்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: எஞ்சின் ஓடும்போது ஸ்விட்சைத் தொடவே கூடாது. ஆல்டர்னேட்டரின் மின்னழுத்தம் திடீரென எகிறி, எஞ்சினின் கம்ப்யூட்டரைக் கெடுத்துவிடும்.

திருட்டு விஷயம் வேறு. பானெட்டைத் திறக்கத் தெரிந்த திருடனுக்குக் குமிழைத் திருப்பி வைக்க எத்தனை நொடி? அதைவிட, ஸ்விட்சை அணைத்தால் தனி பாட்டரி இல்லாத அலாரமும் ஊமையாகிவிடுகிறது. திருப்பி வைத்த பிறகும் வண்டியைத் தடுத்து நிறுத்துவது இம்மொபிலைசர்தான். சாவியிலுள்ள சில்லு சரியான எண்ணைச் சொல்லாவிட்டால், எஞ்சினை ஓட விடாது. பிரிட்டனில் 1998லும் ஆஸ்திரேலியாவில் 2001லும் கனடாவில் 2007லும் புதிய கார்களுக்கு இதைக் கட்டாயமாக்கினார்கள் என்றால் காரணம் இல்லாமலில்லை.

இங்கோ சில பட்டறைகளில் தலைகீழ் நியாயம் நடக்கிறது. இரண்டாவது சாவி தொலைந்துவிட்டது, புதிய சில்லுச் சாவிக்கு ஆயிரக்கணக்கில் ஆகும் என்று வாடிக்கையாளர் தயங்கினால், "எதற்கு சார் செலவு?" என்று ஒரு சில்லை ஸ்டியரிங் பக்கத்திலேயே ஒட்டி, இம்மொபிலைசரை ஏமாற்றிக் கொடுத்துவிடுகிறார்கள். பதிலுக்கு ஒரு பாட்டரி ஸ்விட்ச்! பல பூட்டுள்ள கதவைத் திறந்து வைத்துவிட்டுத் திரை தொங்கவிடும் வேலை இது. வண்டி களவு போனால் இன்ஷூரன்ஸ்காரர் இரண்டு சாவியையும் கேட்பார். ஒன்றுதான் இருக்கிறது, இம்மொபிலைசரும் முடக்கப்பட்டது என்று தெரிந்தால் பணம் இழுபறிதான். வண்டி போன பிறகும் பாங்கித் தவணை மட்டும் மாதந்தோறும் குமாஸ்தாவின் சம்பளத்தில் பிடிக்கப்படும்.

இம்மொபிலைசரைத் தொடாமல், அதற்கு மேல் இந்த ஸ்விட்சையும் மாட்டுவதில் தவறில்லை. வாரண்டி உள்ள வண்டியானால் கம்பெனிப் பட்டறையில் கேட்டுவிட்டு மாட்டலாம். ஊருக்குக் கிளம்பும்போது இரண்டாவது சாவியை டாஷ்போர்டுக்குள் வைத்துவிட்டுப் போகாமல் இருந்தால் சரி.